தலைமாத்து

கையைப் பற்றி ஜெனுஷன் பரிதிக்குச் சொல்லவே இல்லை. நிற்பது எப்படி, பார்ப்பது எப்படி, சூயிங்கம்மை எந்தக் கன்னத்துக்குள் வைத்துக்கொள்வது என்பது வரைக்கும் சொன்னவன் கையை மட்டும் மறந்துபோனான். அது இப்போதுதான் தெரிகிறது, எல்லாம் முடிந்து மாமாவும் பரிதியும் போன பிறகு, கடற்கரையில் ஒரு குடைக்குக் கீழே சாய்கதிரையில் கிடக்கும்போது. பக்கத்துக் குடையில் கிடந்த பொம்பிளை, வெயிட்டர் நீட்டிய கோப்பிக் கிளாசை ஒற்றைக் கையால் வாங்கினாள். தலையைத் தூக்கவில்லை, போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கை தன்பாட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும்தான் ஜெனுஷனுக்குப் பரிதியின் கை ஞாபகம் வந்தது. பரிதி எதையும் ஒற்றைக் கையால் வாங்குவதில்லை. தேத்தண்ணிக் கோப்பை, துவாய், சவர்க்காரம், ஒரு துண்டுப் பாண், எதுவென்றாலும் இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்குவான். இன்று காலை ஜெனுஷன் நீட்டிய தன் சின்ன அடையாள அட்டையைக்கூட, கோயிலில் திருநீறு வாங்குகிறவன் மாதிரி, இரண்டு கையையும் குவித்து வாங்கினான். இவன் முன்னாலேயே நின்றான், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. எப்படி ஏறும், வீட்டில் அம்மாவும் அப்படித்தான் வாங்குகிறவள், தபால்காரனிடமிருந்துகூட. பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம் கண்ணில் குத்தாது. ஆனால் சுவிசில் பிறந்து வளர்ந்த ஒரு பெடியன், பதினெட்டு வயசு, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், யாருக்கும் மரியாதை குடுக்காதவன் என்று பெயர் எடுத்தவன், எயார்போட்டில் ஒருத்தி நீட்டுகிற அட்டையை இரண்டு கையால் வாங்குவானா? மாட்டான். இந்நேரம் பரிதி அந்த வரிசையில் நிற்பான். சேட் பையில் ஜெனுஷனின் அட்டை. வாய்க்குள் ஜெனுஷனின் பெயர். ஜெனுஷனின் சப்பாத்து, ஜெனுஷனின் தொப்பி, ஜெனுஷனின் சென்ட் வாசம்கூட. கை மட்டும் அவனுடையது.

போன் அடிக்கலாமா? அடிக்கக்கூடாது. யோகன் மாமா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் போனார். பரிதிக்கு எடுக்காதே, எனக்கும் எடுக்காதே, நான்தான் எடுப்பேன், பிளேன் கதவு சாத்தினதும் ஒரு மெசேஜ் வரும், கோவா அவிஞ்சிட்டுது என்று. அது மாமாவின் பகிடி. இந்தக் கிரேக்கத் தீவுக்குப் பெயர் கோஸ். இந்தியன் சமையல் வீடியோக்களில் கோவாவைத்தான் கோஸ், முட்டைக்கோஸ் என்கிறார்களாம், அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மாமா தனியே இருந்து சிரிக்கிறார். பேர்ண் நகரத்தில் ஒரு உணவகத்துக் குசினியில் காலம் முழுக்கக் கோவா வெட்டின மனிசனுக்கு அதில் என்ன சிரிப்போ. கோவா அவிந்தால் பரிதி பிளேனுக்குள். அவியாவிட்டால்? அதற்கு மாமா வசனம் ஒன்றும் வைக்கவில்லை. கேட்டபோது, "வாயைக் கழுவடா" என்றார். திட்டம் என்று பெரிதாகவும் ஒன்றும் இல்லை. மாமாவும் மருமகனும் ஒரு கிழமை லீவுக்கு வருகிறார்கள், எல்லாச் சுவிஸ்காரரும் வருகிற மாதிரி. திரும்பிப் போகும்போது மாமாவோடு மருமகனின் அட்டையில் பரிதி போகிறான், தனித்தனி வரிசையில், ஆளை ஆள் தெரியாத மாதிரி. பின்னேரம் மருமகன் பொலிசுக்குப் போய் அட்டை தொலைந்துபோனது என்று சொல்லி, ஏதென்சுக்குக் கப்பலேறி, தூதரகத்தில் கடதாசி எடுத்து வருகிறான். பெரியம்மாவின் மகன் பரிதி. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே அச்சு, பிள்ளைகளும் அதே அச்சு, அதே நெற்றி, அதே தடித்த கீழுதடு. "இது தலைமாத்தோ மாமா?" என்று இவன் கேட்டான், அம்மா போனில் கதைத்தபோது காதில் விழுந்த சொல். மாமா பெரிய வாத்தி மாதிரி விளக்கினார். "தலைமாத்து எண்டா பாஸ்போட்டிலை படத்தைக் கழட்டிப்போட்டு வேறை படம் ஒட்டுறது. அது எங்கடை காலம். இப்ப கொம்பியூட்டர் வந்திட்டுது, படத்தைத் தொடேலாது. அதாலை படத்தை விட்டிட்டுத் தலையையே மாத்திறது." மாமா சுவிசுக்கு வந்தது ஒரு மலேசியாக்காரனின் பாஸ்போட்டில். முருகையா என்று பெயர். இப்பவும் றோட்டில் யாராவது முருகையா என்று கூப்பிட்டால் தன் கழுத்து திரும்பிவிடும் என்று சொன்னார். சொல்லும்போது அந்த ஒரு தடவை மட்டும் சிரிக்கவில்லை.

வெயில் குடையின் விளிம்பைத் தாண்டிக் காலில் ஏறியது. காலை இழுத்துக்கொள்ள வேண்டும், இழுக்கவில்லை. மணல் சுடுகிறது, காற்று விடாமல் அடித்துக் குடைத்துணியைப் படபடவென்று அறைகிறது, எங்கும் அந்தக் கிறீம் வாசம், தேங்காயும் மருந்தும் கலந்த வாசம். ஒரு சின்னப் பெட்டை வாளியோடு ஓடிவந்து இவனைப் பார்த்து நின்று, பிறகு போனது. என்ன பார்த்தது? இவன் சேட்டைக் கழற்றவில்லை. இத்தனை உரித்த உடம்புகளுக்கு நடுவில் கறுப்புச் சேட்டும் நீளக் களிசானும் போட்டுக்கொண்டு ஒருத்தன், சவத்துக்கு வந்தவன் மாதிரி. எதிரே கடல், கடலுக்கு அங்கால் துருக்கியின் மலை. இவ்வளவு கிட்ட என்று வரும் மட்டும் இவனுக்குத் தெரியாது. கையை நீட்டினால் தொடலாம் போல, அங்கே ஒரு வெள்ளை வீட்டின் ஜன்னல் வெயிலில் மின்னுவதுகூடத் தெரிகிறது. அந்தத் தண்ணியில்தான் பரிதி வந்தவன். வந்த கதையைச் சொல்லமாட்டான். ஒன்றே ஒன்று சொன்னான், படகில் முழு வழியும் யாரோ ஒருவனின் முழங்கால் முதுகில் குத்திக்கொண்டே வந்ததாம், கரைக்கு வந்து இறங்கின பிறகு அந்த இடம் குளிர்ந்துபோய், அந்த முழங்கால் இல்லாமல் இருக்க ஏலாமல் இருந்ததாம். அவ்வளவுதான். கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். துறைமுகத்தில் உல்லாசப் படகுகளைக் காட்டி, இதில் ஏறி ஆட்கள் துருக்கிக்குப் போய் அன்றைக்கே திரும்பி வருவார்கள் என்று இவன் சொன்னபோது, "அங்கை என்னத்துக்குப் போறவை?" என்று கேட்டான். "சாமான் வாங்க. லெதர் பாக், சேட், அப்பிடி." பரிதி சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பை நிறுத்தமுடியாமல் துறைமுகத்துச் சுவரில் குந்திவிட்டான், கண்ணிலிருந்து தண்ணி வந்தது. போகிற வருகிற ஆட்கள் பார்த்தார்கள். இவனுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வெட்கம்தான், வேறு ஒன்றும் இல்லை.

ஹோட்டல் அறையில் நடந்ததை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். நினைத்தால் கையில் போய் முட்டும். ஆனால் மண்டை கேட்குமா, நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போகிற மாதிரி அங்கேயே போனது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே யாருடையவோ நீச்சல் உடுப்பு காய்கிறது. மாமா கட்டிலில் சாய்ந்திருந்து பொலிஸ், இவன் வாத்தி, பரிதி நடுவில்.

"பேர்?"

"ஜெனுஷன் சிவபாலன்."

"சேர் எண்டு சொல்லாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"நான் எங்கை தம்பி சேர் எண்டனான்?"

"வாயாலை சொல்லேல்லை. முதுகாலை சொல்லுறாய். வளையாதை. கேள்வி கேட்டா உடனை மறுமொழி சொல்லாதை. முதல்லை என்னடாப்பா இது எண்டு ஒரு பார்வை பார். பிறகு சொல்லு."

"பார்த்தா அடிக்கமாட்டாங்களோ?"

"ஏனண்ணை அடிக்கிறாங்கள்? டிக்கெற் பாக்கிற பெட்டை அவள்!"

பரிதி அதை யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. கேள்வி கேட்கிற ஒருவன் அடிக்காமலும் இருக்கலாம் என்பது அவனுக்கு ஒரு பாடமாக இருந்தது. பிறகு எழும்பி, தோளைக் கீழே விட்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, கையைக் களிசான் பைக்குள் செருகி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, "மெர்சி" என்றான், சுவிஸ்காரன் நன்றி சொல்கிற மாதிரி. மாமா கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். "டேய் மருமோன், இவன் உன்னை விட நல்லா உன்னை மாதிரி நிக்கிறான்." இவனும் சிரித்தான், ஆனால் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. தான் இப்படித்தான் நிற்கிறானா? இவ்வளவு கேவலமாக? ஒரு மனிசன் இதைப் பழகித்தான் உயிர் தப்ப வேண்டுமா, இந்த ஒன்றுக்கும் உதவாத நிற்பை? அப்போது பரிதியின் கை களிசான் பைக்குள் இருந்தது. அதனால்தான். அதனால்தான் கையைப் பற்றி யோசிக்கவில்லை. பைக்குள் கை இருக்கிறது என்றால் கை முடிந்த விஷயம் என்று விட்டுவிட்டான். ஆனால் அட்டையைக் காட்ட வேண்டுமே, காட்டினால் அவள் திருப்பித் தருவாளே, தந்தால் வாங்க வேண்டுமே. குவித்துக்கொண்டு நீட்டுவான். நீட்டியே தீருவான். அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் ஒளிக்க ஏலாது. ஒரு கணம், எயார்போட் பஸ் வெளிக்கிட்டபோது, பரிதி பின்கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது, பிடிபட்டால் என்ன என்று நினைத்தான். பிடிபடட்டும் என்றுகூட இல்லை, பட்டால் என்ன என்றுதான். ஆனால் இரண்டு நினைப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? பரிதி வந்தால் வீட்டில் இவனுடைய அறையில்தான் படுப்பான். ஊரில் கணக்கில் நல்ல பெறுபேறு எடுத்தவன், டொச் என்கிற ஜெர்மன் மொழியை ஒரு வருஷத்தில் விழுங்கிவிடுவான். அப்பா ஒவ்வொரு சாப்பாட்டிலும் பார், அவனைப் பார் என்பார். இவன் பள்ளிக்கூடத்தை விட்டான், பிறகு பெயின்ற் அடிக்கிற வேலை பழகப் போய் அதையும் விட்டான், மாஸ்ரர் கத்தினார், திரும்பக் கத்திவிட்டு வந்தான். அவ்வளவுதான் நடந்தது, அதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கிற மாதிரி எல்லாரும் தோண்டினார்கள். "உன்ரை பேரைச் சொல்லவே வெக்கமா இருக்கடா" என்று அப்பா சொன்னார். அந்தப் பெயர்தான் இப்போது வேண்டிக் கிடக்கிறது. அந்தப் பெயருக்காக ஊரிலிருந்து பெரியம்மா போனில் அழுதாள், "என்ரை ராசா, நீ அவனுக்கு உயிர் குடுக்கிறாயடா" என்று. அழுகிற ஆட்களுக்கு என்ன சொல்வதென்று இவனுக்குத் தெரியாது, ஓம் ஓம் என்றான். பெரியப்பா காணாமல் போனவர். பரிதி வளர்ந்தது முழுக்க அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவோரம், காணாமல் போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரோடு நின்றுதான். நின்றவனைச் சீ.ஐ.டி.க்காரர் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள், பிறகு கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள், திரும்பவும் வருவோம் என்றார்கள். ஒரு படத்தைத் தூக்கினதால் படமாகிப்போனவன். இங்கேயிருந்து திருப்பி அனுப்பினால் அங்கே எயார்போட்டிலேயே காத்துக்கொண்டு நிற்பார்கள். அதை மாமா சொன்னபோது பரிதி நகம் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு கடித்த நகத்தைத் துப்பாமல், எங்கே போடுவதென்று தெரியாமல் சேட் பைக்குள் போட்டான்.

கிடக்க ஏலவில்லை. எழும்பி நடந்தான். கடற்கரை முடிந்து சைக்கிள் பாதை, சைக்கிள் பாதை முடிந்து துறைமுகம். சனம் என்றால் சனம். பெட்டி இழுக்கிறவர்கள், ஐஸ்கிறீம் நக்குகிறவர்கள், சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக, படகு முதலாளிகள் பலகைகளைக் காட்டிக் கூவுகிறார்கள், மூன்று தீவு, சாப்பாடு, நீச்சல். பழைய கோட்டைச் சுவரின் கீழே பாய்மரப் படகுகள் ஒன்றோடொன்று உரசி முனகின. மீன் வாசமும் டீசல் வாசமும். பெரிய கப்பல் ஒன்று பின்கதவைத் திறந்து லொறிகளைக் கக்கியது. காலையில் இதே இடத்தால் நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, இப்போது ஒவ்வொரு அடியிலும் சேட் பையில் ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது. யாராவது மறித்துக் கேட்டால்? யாரும் மறிக்கவில்லை. ஒரு பொலிஸ்காரன் தெருமுனையில் நின்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சான்ட்விச் சாப்பிட்டான், இவன் பக்கமே பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. தான் இல்லை என்ற மாதிரி. ஜெனுஷன் சிவபாலன் எயார்போட்டில் நிற்கிறான், அப்படியென்றால் இங்கே நடக்கிறது யார்? விசர் யோசனை. ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் கையைப் பிடிக்காத குறையாக, "இந்தியா? இந்தியா? மை ஃபிரண்ட்!" என்றான். "சுவிஸ்" என்று வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்து நின்றது. "டேபிள்?" என்றான். இவன் தலையை அம்மாவைப் போல ஒரு பக்கத்துக்கு ஆட்டினான், தன்னை அறியாமல். "நே?" என்றான் கடைக்காரன் சந்தோஷமாக, கதிரையை இழுத்தான். நே என்றால் இங்கே ஓம். டொச்சில் நே என்றால் இல்லை. ஒரு கிழமையாக அது பிடிபடவே இல்லை. வேண்டாம் என்று சொல்லிக் கையைக் காட்டினதற்குப் பிறகும் அந்த மனிசன் சிரித்துக்கொண்டே மெனு அட்டையை நீட்டினான். வாங்கினான். வாங்கின பிறகுதான் இவன் கண்டான், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதே இடத்தில் நின்றுவிட்டான். தானுமா? எப்போதிலிருந்து? அப்படியென்றால் சுவிசில் பிறந்தவன் இரண்டு கையால் வாங்க மாட்டான் என்று யார் சொன்னது? வாங்குகிறானே, இதோ வாங்கினானே. அப்படியென்றால் பரிதியின் கையிலும் பிழை இல்லை. நெஞ்சில் இருந்த ஒரு கல் அசைந்தது. சிரிப்பு வருகிற மாதிரிக்கூட இருந்தது. இதை உடனே பரிதிக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, அண்ணை, நானும் அப்பிடித்தான் வாங்குறன், நீ பயப்பிடாதை. அப்போது போன் அடித்தது. மெசேஜ் இல்லை. அழைப்பு. மாமா.

"டேய்."

"கோவா..."

"கோவாவும் மண்ணாங்கட்டியும். வரிசையாலை அவனை வெளியிலை எடுத்திட்டாங்களடா."

சத்தம் குசுகுசுவென்று வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைக்கிற சத்தம்.

"கையாலையோ மாமா? ரெண்டு கையாலை வாங்கினவனோ?"

"என்ன கை? உனக்கு விசரோ? அவளவை ஏன் எடுத்தவளவை எண்டு எனக்கென்ன தெரியும், நான் முன்னாலை போயிட்டன். திரும்பிப் பாக்கேக்கை அங்காலை நிக்கிறான். ரெண்டு பொலிஸ். அட்டையையும் மூஞ்சையையும் மாறி மாறிப் பாக்குறாங்கள். அவன் அசையேல்லை. நான்தான் ஜெனுஷன் எண்டு சாதிச்சுக்கொண்டு நிக்கிறான்."

"அப்ப விடுவாங்களோ?"

"விட்டாலும் விடுவாங்கள். பிளேன் இன்னும் நிக்குது. அதைக் கதைக்க இப்ப நேரமில்லை. நீ இப்ப உடனை பொலிசுக்குப் போ. துறைமுகத்தடியிலை இருக்கு, நேற்றுக் காட்டினனான். போனவுடனை பேரைச் சொல்லு. முதல்லை பேர், அதுதான் முக்கியம். பிறகு, கடற்கரையிலை அட்டை களவு போட்டுது எண்டு சொல்லு. துலைஞ்சது இல்லை, களவு. விளங்குதோ?"

"களவு எண்டா அவன் கள்ளன் ஆயிடுவான் மாமா."

போனுக்குள் மாமாவுக்குப் பின்னால் ஒரு பொம்பிளையின் குரல் மூன்று பாஷையில் பெல்ட் போடச் சொன்னது.

"நீங்கள் ஏறிட்டீங்களோ?"

"ஏறி இருக்கிறன். நான் இறங்கிப் போய் என்ன செய்யிறது? மூண்டு பேரும் உள்ளை போறதோ? கேள். அவங்கள் அங்கை பேர்ண் பொலிசுக்கு அடிச்சுக் கேக்க முந்தி நீ போய் நிக்கவேணும். ஆர் முந்திச் சொல்லுறானோ அவனைத்தான் நம்புவாங்கள். பிந்தினா நீயும் கூட்டு. உன்ரை பேரிலை கேஸ் விழும், ஆயுசுக்கும் எழும்பமாட்டாய்."

"நான் போய்ச் சொன்னா அவனை விடவேமாட்டாங்கள். சொல்லாட்டி விட்டாலும் விடுவாங்கள் எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்."

"டேய் மருமோன்." குரல் உடைந்தது. மாமாவின் குரல் உடைந்து இவன் கேட்டதில்லை. "உன்ரை கொம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்லுறது? ஒருத்தனையாவது கொண்டுபோய்க் குடுக்கவேண்டாமே? பரிதியும் அதைத்தான் சொன்னவன். பிடிபட்டா தம்பியைக் களவெண்டு சொல்லச் சொல்லுங்கோ எண்டு அவனே சொல்லிப்போட்டுத்தான் போனவன். போ."

வைத்துவிட்டார். மெனு அட்டை இன்னும் இவன் கையில் இருந்தது. கடைக்காரன் மெதுவாக வந்து அதை எடுத்துக்கொண்டு போனான்.

நடந்தான். கால் போனது, ஏனென்றால் சொன்ன இடத்துக்குப் போவது காலுக்குச் சுகம். பரிதி அதைச் சொன்னானா? சொல்லியிருப்பான். சொல்லாமலும் இருந்திருப்பான், மாமா இட்டுக்கட்டியிருப்பார், பயந்த மனிசன் எதையும் இட்டுக்கட்டுவான். சொல்லியிருந்தால் எப்போது? பஸ்சில் ஏறும்போதா, நகம் கடித்துக்கொண்டிருந்தபோதா? தன்னைக் கள்ளன் என்று சொல்லும்படி சொல்லிவிட்டு, திரும்பி வந்து இவனிடம் தொப்பி சரியா தம்பி என்று கேட்டானா? கேட்டான், தொப்பியைப் பற்றிக் கேட்டான், இவன் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டான். ஒரு ஜெர்மன் கிழவன் சைக்கிளில் வந்து மணி அடித்துத் திட்டிவிட்டுப் போனான், இவன் பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். பொலிஸ் கட்டடத்தின் வாசலில் செம்பரத்தை மாதிரி ஒரு மரம், நிறையப் பூ. உள்ளே குளிர். ஒரு மேசை, ஒரு பொம்பிளைப் பொலிஸ், முன்னால் ஒரு சோடி. சோடியின் சைக்கிளை யாரோ எடுத்துவிட்டார்கள். என்ன நிறம், கூடை இருந்ததா, பூட்டினீர்களா. அந்த மனிசன் பூட்டினோம் என்கிறான், மனிசி பூட்டவில்லை என்கிறாள். அவர்கள் சண்டை பிடிக்கட்டும் என்று இவன் வேண்டிக்கொண்டான், நல்லா நேரமெடுத்துப் பிடிக்கட்டும், பிளேன் கதவு சாத்தும் மட்டும் பிடிக்கட்டும். பிறகு கெதியாக முடியட்டும் என்றும் வேண்டினான். ஏனென்றால் ஒவ்வொரு நிமிஷமும் பிந்துகிறது, பிந்தினால் நீயும் கூட்டு, ஆயுசுக்கும் எழும்பமாட்டாய். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டுகிறவனுக்கு எந்தக் கடவுள் என்ன செய்யும்? இப்போது அங்கே பரிதி எப்படி நிற்கிறான்? தோளைக் கீழே விட்டா? ஒரு காலிலா? பொலிஸ் கேட்கிறான், பேர்? ஜெனுஷன் சிவபாலன். பிறந்த தேதி? சொல்கிறான். அம்மாவின் பேர்? அம்மாவின் பெயரைச் சொல்லும்போது வாய் தடுமாறுமா, சின்னம்மா என்று கூப்பிட்ட வாய்? திரும்பவும், பேர்? ஜெனுஷன் சிவபாலன். இவன் ஒரு நாளும் தன் பெயரை அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் வரவு டாப்புக் கூப்பிடும்போதுகூட ம்ம் என்று மூக்கால் சொன்னவன்.

சோடி போய்விட்டது. பொம்பிளைப் பொலிஸ் கையசைத்துக் கூப்பிட்டாள். இளவயசுக்காரி, மூக்கில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது, களைத்துப்போன முகம், ஆனால் கெட்ட முகம் இல்லை. இவன் முன்னால் போய் நின்றான். என்ன நடந்தது என்று இங்கிலீசில் கேட்டாள், எதையாவது தொலைத்துவிட்டாயா, யாராவது எடுத்துவிட்டார்களா. மேசையில் அவளுடைய போன் அடித்தது, அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தாள். எயார்போட்டிலிருந்தா? அவளுடைய அம்மாவா? திரும்பவும் அடித்தது. ஜன்னலுக்கு மேலே ஒரு பிளேன் சத்தம் மாதிரிக் கேட்டது. பிளேனாகவும் இருக்கலாம், கப்பலின் எஞ்சினாகவும் இருக்கலாம், காதுக்குள் ஓடுகிற ரத்தமாகவும் இருக்கலாம். அவள் கொம்பியூட்டர் பக்கம் திரும்பி விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள். முதல்லை உன் பெயரைச் சொல்லு என்றாள். இவன் அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டது விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவள் தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லிக் காட்டினாள், எலெனி, பிறகு இவனைக் காட்டினாள், இன்னும் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. நீ? போனவுடனே பேரைச் சொல்லு, முதல்லை பேர், அதுதான் முக்கியம் என்று மாமா சொல்லியிருந்தார். அந்தப் பெயரை இந்நேரம் பரிதி பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவன் சொல்லவில்லை.